நாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம்



கடலூரிலிருந்து பார்த்தால் கோயம்புத்தூரை விட யாழ்ப்பாணம் கிட்டத்தில் இருக்கிறது. சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று கடலோரமாகவே பஸ்ஸில் போனால் நாகப்பட்டினம். அங்கிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை. தரைவழி, கடல்வழி இரண்டையும் சேர்த்துக் கூட்டினாலும் கோவைக்குப் போகிற தூரம் வராது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருஷா வருஷம் வேன் பிடித்துப் போய்வரும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு பாஸ்போர்ட்கூட இருக்காது. வெளிநாடு என்பது சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு உரியது, அல்லது வசதி படைத்தவர்களுக்கு உரியது என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். அந்த முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இன்றைய பேச்சு.

நம் பாட்டன் பூட்டன்மாருக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வணிகத்துக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்த ஊரில் வாழ்கிறார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான தமிழர்கள் குறைந்த காசில் கடல் கடந்தார்கள். 'ரஜுலா' நின்ற பிறகு அதே தடத்தில் ஓடிய கப்பலின் பெயர் 'எம்.வி. சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அத்தோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் முடிந்தது. இலங்கைக்கோ, 1914 முதல் எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பில் இறங்கலாம் என்ற வசதி இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. 2011இல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோனது.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்த இலங்கை உறவில் தனி உரிமையே உண்டு. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864இல் அதே பெயரில் சிதம்பரத்திலும் ஒரு பள்ளியை நிறுவினார். நாவலர் பெயரால் சிதம்பரத்தில் இன்றும் மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் தில்லை என்று நாம் சொல்லும் சிதம்பரத்தில் மடங்கள் கட்டி வைத்தார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே அவர்கள் நம் ஊருக்கு வந்துவிட்டார்கள். நாம்தான் இன்னும் போகவில்லை.

இப்போது வழி திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது. முதல் நாள் சலுகைக் கட்டணம் 2,800 ரூபாய். அடுத்த பயணத்திலிருந்து வரியோடு 7,670. ஒரு வாரத்துக்குள் மழைக்காலம் வந்துவிட்டதென்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு சேவை மீண்டும் தொடங்கியது. சுமார் 150 பேர் போகலாம். நான்கு மணி நேரப் பயணம். சாதாரண வகுப்புக் கட்டணம் அப்போது ஒரு வழிக்கு 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது கப்பல் நிற்கும். ஆகவே அரையாண்டு விடுமுறையில் கப்பலை நம்பித் திட்டம் போடக்கூடாது. கோடை விடுமுறைதான் கப்பலுக்கு ஏற்றது. காலையில் எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்துவிட்டு இரண்டு இட்லியோடு பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றுவது நல்லது. கடல் குமட்டலுக்கு மாத்திரையை டாக்டரிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விமானம்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குச் சிறிய விமானம் உண்டு. விலை நாளுக்கு நாள் மாறும். கப்பலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எது குறைவோ அதை எடுக்கலாம்.

செலவைக் காசு கணக்காகவே பார்ப்போம். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 1,000. ஆக நால்வருக்கும் சேர்த்து 5,000. எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கும் அறுபதைக் கடந்த பாட்டிக்கும் புதிய விண்ணப்பத்தில் பத்து விழுக்காடு தள்ளுபடி. இந்தச் சாதாரண முறையை விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் தட்கலில் போனால் ஆளுக்கு 2,000 கூடுதல். நால்வருக்கு 8,000 வீண். ஒருவருக்கு ஒரு வழிக்கு 5,000 என்ற 2024ஆம் ஆண்டுக் கட்டணக் கணக்கில் நால்வரும் கப்பலில் போகவர 40,000. யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கத்தில் சின்ன விருந்தினர் விடுதி ஒன்றில் மூன்று இரவு தங்கி, இடியப்பம், சொதி, ஒடியற்கூழ் என்று அந்த ஊர்ச் சாப்பாட்டையே சாப்பிட்டு, டாக்சிக்குப் பதில் பஸ்ஸில் சுற்றினால், பாஸ்போர்ட் உட்பட அறுபதாயிரத்தை ஒட்டி இழுத்துப் பிடிக்கலாம். மாதம் 5,000 ரூபாய் வங்கி ஆர்.டி.யில் ஓராண்டு போட்டால் அசல் மட்டுமே அவ்வளவு வந்துவிடும். கடன் வாங்கி ஊர் சுற்றுவது மட்டும் வேண்டாம். திரும்பி வந்த பிறகு மாதா மாதம் தவணை கட்டும்போது பார்த்த கடலும் கோயிலும் கசந்துபோகும்.

பணம் சேர்வதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதில்தான் நம் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. பெயர்.

தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் 'கே. செல்வி', ஆதாரில் 'செல்வி கே', பான் அட்டையில் 'செல்வி குமாரசாமி' என்று மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். விமான டிக்கெட்டிலும் கப்பல் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்து பிசகாமல் பெயர் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்களுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாக வருபவர்களை உள்ளே விடமாட்டோம் என்றது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே தன் பெயர் ஓரிடத்தில், தகப்பன் பெயரோ தாய் பெயரோ அடுத்த இடத்தில் என்று இரண்டையும் நிரப்பி விடுங்கள்.

சிறுவர் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். பெற்றோர் பாஸ்போர்ட் முதலில் இருந்தால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போலீஸ் விசாரணை இல்லாமலே வந்துவிடும். ஆகவே முதலில் பெரியவர்கள், பிறகு பிள்ளைகள். சிறுவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும் என்பதையும் மறக்கக்கூடாது; பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கும். 2017 முதல் அஞ்சலகங்களிலேயே பாஸ்போர்ட் சேவை மையங்கள் வரத் தொடங்கிவிட்டன. இதற்காக இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அரசின் தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை.

விசாவிலும் அப்படித்தான். இலங்கைக்கு இணையவழி முன் அனுமதி. கட்டணம் அவ்வப்போது மாறுகிறது. இலங்கை அரசின் தளத்தில் மட்டும் பார்த்துக் கட்ட வேண்டும். அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. இது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை, டிக்கெட் எடுக்குமுன் இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போகுமுன் மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும்; அது இலவசம். நேபாளத்துக்கு விசாவே வேண்டாம். பெரியவர்களுக்கு வாக்காளர் அட்டை போதும், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆதார் போதும். ரயிலில் நெடுந்தூரம் போகத் தெம்புள்ள குடும்பங்களுக்கு அது நல்ல முதல் வெளிநாடு.

மலேசியாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரச் சாலை வழியில் கங்கைகொண்ட சோழபுரம். அதைக் கட்டிய ராஜேந்திரன் 1025 வாக்கில் கடற்படை அனுப்பிய கடாரம்தான் இன்றைய கெடா மாநிலம். பினாங்கிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய பூஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக் ஊரில், பழைய கோயில்களின் அடித்தளங்களையும் சிலைகளையும் வைத்து அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் 'கடாரம் கொண்டான்' என்று படிக்கிறார்கள். அந்தக் கடாரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு மலிவுக் கட்டண விமானங்கள் பறக்கின்றன. சிதம்பரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலிலேயே போய்விடலாம்; சென்னை வரை போகும் அலைச்சலும் மிச்சம். மலிவு விமானத்தில் கைப்பை ஏழு கிலோதான். அதற்கு மேலுள்ள மூட்டைக்கு டிக்கெட் எடுக்கும்போதே காசு கட்டினால் குறைவு, விமான நிலையத்தில் கட்டினால் கை கடிக்கும். ஊறுகாய், பொடி, முறுக்கு என்று மூட்டை கட்டும் நம் வீட்டு வழக்கத்தை இங்கே கொஞ்சம் சுருக்க வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட் உண்டு. இரண்டு வயது நிரம்பிவிட்டால் தனி இருக்கை, தனிக் காசு. தேதியைப் பார்த்துப் போடுங்கள்.

சுற்றுலா நிறுவனங்களின் 'பேக்கேஜ்' கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. நடமாட முடியாத முதியவரோடு போகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் பேக்கேஜில் டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பணம் அப்படியே போய்விடுகிறது. ரசீதைப் பத்திரப்படுத்தி ஆடிட்டரிடம் கொடுங்கள். அங்கே போய்ச் செலவழிக்கும் பணத்துக்கு வருவோம். இலங்கையில் 2024 பிப்ரவரி 12 முதல் நம் யு.பி.ஐ. செல்கிறது, கடை கடையாகக் கேட்டுப் பார்த்து அதில் கட்டலாம். கையில் வைத்துக்கொள்ளும் நோட்டை விமான நிலைய கவுண்டரில் மாற்றுவதுதான் எப்போதும் நஷ்டம்.

இனி அரசுகளிடம் ஒரு கோரிக்கை. முன்பு போட்ட கணக்கில் அறுபதாயிரத்தில் நாற்பதாயிரம் கப்பலுக்கே போகிறது. நான்கு மணி நேரப் பயணத்துக்கு இது அதிகம். இந்தச் சேவைக்கு இந்திய அரசு நிதி உதவி செய்ததை மனமார வரவேற்கிறோம். அந்த உதவியின் பலன் டிக்கெட் விலையில் தெரிய வேண்டும். கப்பல் எந்த மாதம் ஓடும், எந்த மாதம் நிற்கும் என்று ஓராண்டுக்கு முன்பே அட்டவணை வெளியிட வேண்டும். தேதி தெரியாமல் எந்தக் குடும்பமும் விடுப்புக்கு எழுதிக் கொடுக்க முடியாது. சிதம்பரத்து நாவலர் பள்ளி மாணவர்கள் வண்ணார்பண்ணைக்கும், அந்த ஊர் மாணவர்கள் தில்லைக்கும் சலுகைக் கட்டணத்தில் போய்வர இரு அரசுகளும் ஏற்பாடு செய்தால், இந்தக் கப்பல் காலியாக ஓடாது. ராமேஸ்வரம்–தலைமன்னார் வழியையும் மீண்டும் திறக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கும். ஆஸ்பத்திரியில் வாங்கியதோடு சரி, பெயரைப் பதிவு செய்திருக்க மாட்டோம். பதினைந்து வயது வரை பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் பிறந்த தேதிக்குச் சான்று. இந்தக் கோடை விடுமுறைக்குள் அதை முடித்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.