வில்லுக்கத்தி



மேசை இழுப்பறையின் மூலையிலே பழைய மடக்குக் கத்தியொன்று கிடவாத வீடுகள் ஒரு காலத்தில் நம்மிடையே மிகச் சிலவாகவே இருந்திருக்கும். அதனைப் பேனாக்கத்தி என்பார் சிலர். வில்லுக்கத்தி என்பார் வேறு சிலர். இறகுப் பேனாவின் முனையைச் சீவுதற்கு உதவியமையால் முந்திய பெயர் வந்தது. பிந்திய பெயரோ, அலகை விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் அழுத்திப் பிடிக்கும் முதுகு வில்லினால் வந்தது. எனக்கு உவப்பானது இப்பிந்திய பெயரே. அக்கருவியின் உயிர் எங்கே உறைகின்றது என்பதை அது சொல்லிவிடுகின்றதன்றோ!

இத்தகைய கத்திகளை நான் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். தொடக்கம் என் தந்தையாரின் கத்தி. மான்கொம்புப் பிடியும் இரண்டு அலகுகளும் உடையது. பெரிய அலகின் அடியிலே ஒரு நட்சத்திரமும் ஒரு மால்ட்டாச் சிலுவையும் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து ஜோசப் ரொட்ஜேர்ஸ் நிறுவனத்தாரின் முத்திரை அது. வெற்றிலைக் காம்பு கிள்ளுவதிலிருந்து எங்களுக்குப் பென்சில் சீவித் தருவது வரை அவருக்கு அந்தக் கத்தி ஒன்றே போதியதாயிருந்தது.

ஷெபீல்ட் நகரின் கத்தித் தொழில் மிகப் பழையது. அங்குள்ள கத்தி வினைஞர் சங்கம் 1624 ஆம் ஆண்டிலே சட்டத்தினால் நிறுவப்பட்டது. எனினும் அந்நகரின் உருக்கு உலகப் புகழ் பெற்றதற்குக் காரணமானவர் கத்தி செய்பவரல்லர். பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர். மணிக்கூட்டு வில்லுக்கு ஏற்ற சீரான உருக்குக் கிடையாமையால் வருந்திய அவர், 1740 களில் களிமண் மூசைகளில் உருக்கை முற்றாக உருகவைத்து வார்க்கும் முறையைக் கண்டார். ஷெபீல்ட் வினைஞர்களோ அது மிகக் கடினமானதென்று வாங்க மறுத்தார்கள். பிரான்சு நாட்டார் அதனை வாங்கிக் கத்தி செய்து விற்கத் தொடங்கிய பின்னரே இவர்களுக்குக் கண் திறந்தது. மூசையில் உருக்குச் செய்யும் வித்தை தென்னிந்தியாவிலும் நம் இலங்கையிலும் அதற்குப் பன்னூறாண்டுகள் முந்தியே வழங்கியதென்பதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்நாட்டில் அது அழிந்துகொண்டிருந்த காலத்து முறையை ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908 இல் வெளியிட்ட தம் நூலிலே விவரித்துள்ளார்.

நல்ல உருக்கு மட்டும் நல்ல கத்தியாகிவிடாது. அலகைச் செந்தணலாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால் அது வயிரம் பெறும். ஆனால் கண்ணாடி போல் உடையவும் செய்யும். ஆகவே அதனை மறுபடியும் மெல்லச் சூடேற்றுவார்கள். துலக்கிய உருக்கின்மேல் அப்போது நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும்: முதலில் வெளிறிய வைக்கோல் நிறம், பின்பு கபிலம், பின்பு ஊதா, இறுதியில் நீலம். வெட்டும் அலகை வைக்கோல் நிறத்திலே நிறுத்திவிட வேண்டும். முதுகு வில்லையோ நீலம் வரை விடுவார்கள். அது வெட்டவேண்டியதில்லை, வளைந்து மீண்டாற் போதும். ஒரே கத்தியிலே இரு வேறு பதங்கள்! நம் கொல்லர் துவைச்சல் என்று வழங்குவது இந்த நுட்பத்தையே.

இதனை நான் அறிந்துகொண்ட விதம் பெருமைக்குரியதன்று. தந்தையார் மறைந்த சில மாதங்களின் பின், கறுத்து மங்கியிருந்த அக்கத்தியைப் புதிதாக்க எண்ணி, நண்பரொருவரின் பட்டறையிலிருந்த மின்சாரச் சாணையிலே பிடித்தேன். பொறி பறந்தது. அலகும் பளபளத்தது. ஆனால் நுனியிலிருந்து ஒரு விரலகலம் அழகிய நீல நிறம் பரவியதைக் கண்டு, இது என்ன புதுமை என்று மகிழ்ந்தேன்! அந்த நீலம் அலகின் பதம் இறந்துபோனதற்கு அடையாளம் என்பதை முதிய கொல்லரொருவர் பார்த்த மாத்திரத்திலே சொன்னார். ‘தம்பி, வெட்டுற அலகை நீர் வில்லாக்கிப்போட்டீர்’ என்றார். ஷெபீல்டின் சாணைக்காரர் கத்தி அலகுகளை நீரிலே தோய்ந்து சுழலும் மணற்கற்களிற் பிடித்ததன் காரணத்தையும் அப்போதுதான் உணர்ந்தேன். முட்கரண்டி தீட்டியவர்களோ உலர்ந்த கல்லிலே வேலை செய்து, அத்தூசியைச் சுவாசித்து இளமையிலேயே மாண்டார்கள் என்பது அந்நகரின் துயரக் கதை.

அதன் பின்னர், நான் கத்தி வாங்கும்போது பளபளப்பைத் தேடுவதில்லை. 1913 இல் ஹரி பிறேர்லி அதே நகரில் கறளேறா உருக்கைக் கண்டபின் பளபளப்பு மலிவாகிவிட்டது. பழைய உருக்கோ மாங்காய்ப் பாலும் எலுமிச்சைச் சாறும் பட்டுச் சாம்பல் நிறம் கொள்ளும். அது கறளன்று, செங்கறளைத் தடுக்கும் போர்வை. அதைத் துடைத்தழிப்பது பேதைமை. கத்தியை மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். வில்லுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே ஒளி கசியலாகாது. அலகை விரித்துப் பக்கவாட்டில் அசைப்பேன், ஆடலாகாது. பின்பு மடித்து ஓசையைக் கேட்பேன். நல்ல வில் ‘டக்’ என்று ஒரே சொல்லாகச் சொல்லும்; தளர்ந்த வில் முணுமுணுக்கும்.

ரொட்ஜேர்ஸ் நிறுவனத்தார் 1822 ஆம் ஆண்டுக்கென 1822 அலகுகள் கொண்ட கத்தியொன்றைச் செய்து காட்சிக்கு வைத்தனர். வியப்புக்குரியதே. ஆயினும் அதைவிட, இரண்டே அலகுகள் ஒன்றோடொன்று உராயாமல் ஓரே வில்லின்கீழ் மடியுமாறு செய்தவனையே நான் பெரிதாக மதிப்பேன்.

ஷெபீல்டில் சிறு பட்டறைகளிலே தனித்திருந்து இத்தொழில் செய்தோருள் பெயர்பெற்றவரான ஸ்ரான் ஷோ 2021 இல் மறைந்தார். சிறுவனாகத் தொழிலிற் புகுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தி செய்தவர் அவர்.

என் தந்தையாரின் கத்தி இன்றும் என்னிடமே இருக்கிறது. மறுபடியும் பதமேற்ற வேண்டுமாயின் ஆணிகளைக் கழற்றி, மான்கொம்பைப் பிரித்து, அலகை உலையில் இடவேண்டும். அதற்கு நான் உடன்படவில்லை. நுனியில் கூர் நிற்பதில்லை. அடிப்பாதியிலே தந்தையார் எண்ணெய்க் கல்லில் தீட்டிய கூர் இருந்த இடத்தில் இப்போது நானும் அதே கல்லில் தீட்டுகிறேன். பேரப்பிள்ளைகளுக்குப் பென்சில் சீவ அந்தப் பாதி போதும்.