பேயின் பிள்ளை அல்லன், ஊரின் பிள்ளை!



நம் குடாநாட்டு வீடொன்றில் இரண்டரை வயதாகியும் பேசாத பிள்ளை இருந்தால், அவ்வீட்டு முற்றத்துக்கு மருத்துவர் வருமுன் கதைகள் வந்துவிடுகின்றன. நாவூறு பட்டது என்பார் ஒருவர். உச்சிப்பொழுதில் ஆலடியால் போன தாயை முனி பார்த்தது என்பார் இன்னொருவர். நூல் கட்டுகிறோம், பார்வை பார்க்கிறோம், நேர்த்தி வைக்கிறோம். அழைத்தால் திரும்பாத, கண்ணோடு கண் நோக்காத, விளையாட்டு வண்டியின் சில்லை நாழிகைக் கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கும் அப்பிள்ளையோ, தன்னைக் குறித்து ஊர் பேசுவதையெல்லாம் கேட்டபடியே வளர்கிறது.

இத்தகைய பிள்ளைகள் பலரிடம் காண்பது ஓட்டிசம் என்னும் நிலை. மதியிறுக்கம் என்றும் அதனை வழங்குகிறோம். சோவியத்து நாட்டுப் பெண் மருத்துவர் குரூன்யா சுகரேவா 1925இலேயே இத்தகைய சிறுவர்களை விவரித்தார். 1943இல் அமெரிக்காவிலிருந்து லியோ கானரும், 1944இல் வியன்னாவிலிருந்து ஹான்ஸ் அஸ்பேர்கரும் எழுதினர். மூளை வளரும் வகையிலேயே அமைந்த வேறுபாடு இது. பெரும்பாலும் மரபுவழி வருவது. தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று மேல்நாட்டு அறிஞர் சிலர் ஒருகாலத்தில் சாதித்தனர். அதுவும் ஒரு பேய்க்கதைதான்! பட்டம் பெற்றோர் கட்டிய பேய்க்கதை. எத்தனை தாய்மாரை அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது!

ஐரோப்பிய நாட்டுப்புறங்களிலோ வேறொரு நம்பிக்கை வேரோடியிருந்தது. மனிதப் பிள்ளையைத் தேவதைகள் கவர்ந்துசென்று, தம் பிள்ளையைத் தொட்டிலில் இட்டுப் போகும் என்றனர். நன்றாயிருந்த பிள்ளை திடீரென்று பேச்சை இழந்தால் ‘இது மாற்றிவைத்த பிள்ளை’ என்றனர். அக்கதைகள் சிலவற்றின் பின்னே ஓட்டிசப் பிள்ளைகள் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கதை கதையாகவே நின்றிருந்தால் தாழ்வில்லை. 1826இல் அயர்லாந்தில், நடக்கவும் பேசவும் இயலாத நான்கு வயதுச் சிறுவனொருவனைத் தேவதையிடமிருந்து மீட்பதாக எண்ணி ஆற்றில் அமிழ்த்தினர். சிறுவன் மாண்டான். அமிழ்த்தியவரை நீதிமன்றம் விடுவித்தது. கதைக்குக் கை முளைத்தால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

நம் கதைகள் எப்படிப்பட்டவை? பதினேழாம் நூற்றாண்டில் திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், திருச்செந்தூர் முருகன் திருவருளால் வாய்திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எத்தனையோ பெற்றோருக்கு ஊன்றுகோலான வரலாறு அது. ஆனால், ‘ஐந்து வயது வரை பொறுத்திருங்கள்’ என்று ஆறுதல் சொல்வோர் அந்தப் பிள்ளை பயிற்சியால் பெரும்பயன் அடையக்கூடிய ஆண்டுகளையல்லவா கடத்திவிடுகின்றனர்? விதைப்புக் காலம் தவறினால் விளைவு என்னாகும் என்று உழவருக்கு நாம் சொல்லவேண்டுமா?

நல்லூர்த் தேரடியில் தமக்குத்தாமே பேசிக்கொண்டு திரிந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் விசரன் என்றனர். அவரைக் குருவாகக் கண்டார் யோகர் சுவாமிகள். பின்னர் ஊரும் கண்டது. அவர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் நோக்கமன்று, அது தகாது. நாம் சுட்டுவது ஊரின் கண்ணை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டி மௌனமாகவே பூசை செய்கிறார். அந்த மௌனத்தின் முன் கைகூப்பி நிற்கிறோம். வீடு திரும்பியதும், பேசாத பிள்ளையின் மௌனத்தைக் கண்டு அஞ்சுகிறோம். விளங்காத ஒருவரைப் பேய் என்று துரத்துகிறோம். இல்லையேல் சித்தர் என்று கும்பிடுகிறோம். அயல்வீட்டுப் பிள்ளை என்று அருகில் இருத்த மட்டும் நமக்குத் தெரியவில்லை!

ஓட்டிசம் உடையவர்கள் இன்று தாமே பேசவும் எழுதவும் முன்வந்துள்ளனர். மாட்டுத் தொழுவங்களை வடிவமைப்பதில் உலகப் புகழ்பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், மனிதரிடையே தாம் செவ்வாய்க் கோளில் இறங்கிய ஆய்வாளரைப் போல் உணர்வதாகக் கூறினார். விலங்குகள் எதற்கு மிரளும் என்பதை அவர்போல் கண்டவர் சிலரே. ஜிம் சின்க்ளேயர் என்பவர் 1993இல் பெற்றோரை நோக்கி, எங்களுக்காகத் துக்கம் காக்கவேண்டா என்று எழுதினார். வேறு சிலரோ, ‘மாற்றிவைத்த பிள்ளை’ என்ற பழிச்சொல்லையே தம் பெயராக ஏற்று, ஆம், நாங்கள் வேறு உலகத்தார்தாம் என்று தலைநிமிர்ந்து சொல்கின்றனர். அந்தத் துணிவை மதிக்கிறோம். ஆனால், தனக்கென ஒரு வேற்றுலகைக் கற்பித்தால்தான் ஒருவர் மானத்தோடு வாழலாம் என்றால், இந்த உலகில் அவருக்கு இடங்கொடாதவர் யார்? நாமல்லவா?

திறமை இருந்தால்தான் இடம் என்று விலை பேசுவதும் அறமாகாது. தோட்டத்துப் பனைகளை ஒன்று விடாமல் எண்ணிச் சொல்லும் பிள்ளையும் நம் பிள்ளை. ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளையும் நம் பிள்ளை.

இவர்கள் எங்கோ ஒருவர் இருவர் அல்லர். நம் தீவின் அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளை ஆய்ந்து 2009இல் வெளியிட்ட கணக்கு, 93 பேருக்கு ஒருவர் என்றது. உரிமையும் ஏட்டில் இருக்கிறது. வலுவிழந்தோரைப் பள்ளிச் சேர்க்கையிலும் வேலையிலும் பாகுபடுத்தலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஏட்டில் உள்ளதை வீட்டுக்குக் கொண்டுவருவதே நம் கடமை.

ஆகவே கேட்கிறோம். குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையைக் குறிக்கும்போதே, அது பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா என்பதையும் கேட்கட்டும். பேச்சுப் பயிற்சி, வீட்டில் பேசும் தமிழிலேயே கிடைக்கட்டும். இரைச்சலைத் தாங்காத மாணவனுக்கு வகுப்பில் ஒரு மூலையை ஆசிரியர் ஒதுக்கட்டும். கோயில் தருமகர்த்தாக்கள் ஒலிபெருக்கியின் காதைச் சற்றுத் திருகட்டும்! முருகன் கோபிக்கமாட்டான்.

நேர்த்தி வைப்போர் வைக்கட்டும். நூல் கட்டுவோர் கட்டட்டும். ஆனால் கட்டிய நூலோடு அன்றே மருத்துவமனைப் படியையும் மிதியுங்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது, ஊர் இல்லாதவன் படும் பாடு எதுவென்று அறிந்தவர்கள் நாம். நம் முற்றத்திலேயே பிறந்த பிள்ளையை ஊரற்றவனாக்கும் கொடுமையை நாமே செய்யலாமா? சிந்தியுங்கள்!