உதவி நாடுவது பலவீனமன்று
(மைசூரு விஜயநகரில் நிகழ்த்திய உரை)



இங்கிருந்து மேற்கே ஹுன்சூர் வட்டத்துக்குச் சென்றால் புகையிலைப் பயிரைக் காணலாம். உழவர் பலருக்கு அது வருவாய். ஆயினும் பொருளாதாரம் பயின்றவன் வரவை மட்டும் பார்த்து அமைதி கொள்ள இயலாது. புகையிலை விளைவிக்கும் நோய்களாலும் அகால மரணங்களாலும் 2017-18ஆம் ஆண்டில் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு சுமார் 1,77,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டுள்ளது. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய் ஆகியவை குடும்பத் தலைவனைத் தாக்கும்போது, சேமிப்பும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே அழிகின்றன.

நானும் இருபது ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன். மன உறுதி ஒன்றே போதுமென நம்பி இருமுறை நிறுத்தினேன், இருமுறையும் தோற்றேன். நிகோட்டினுக்குப் பழகிய மூளை, அது கிடைக்காதபோது எரிச்சலையும் உறக்கமின்மையையும் தருகிறது. மூன்றாம் முறை வெட்கத்தை விட்டு மருத்துவரை அணுகினேன். அவரது ஆலோசனையும் நிகோட்டின் கலந்த மெல்லும் பசையும் கைகொடுத்தன.

2016-17ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, புகைபிடிப்போரில் 55 விழுக்காட்டினர் அதனைக் கைவிட எண்ணுகின்றனர். எண்ணம் செயலாவதற்குத் துணை வேண்டும். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2018 முதல் சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்படுகிறது. புகைப்பதை நிறுத்திய ஓராண்டில், அதனால் கூடிய இதயநோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

பெட்டியைத் திறக்கும் கை, அதன்மீதுள்ள எண்ணை ஒருமுறை அழைக்கட்டும். தோற்றவர்கள் மீண்டும் முயலட்டும். இம்முறை தனியாக அன்று.