பெயரைப் பதிந்தால் நம் பெரியவர்களும் கணக்கில் வருவார்கள்
(பாயான் லெப்பாஸில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

சங்கத்திற்கு ஐம்பது வயது நிறைகிறது. அதைத் தொடங்கிய தலைமுறையில் இன்று நம்மோடு இருப்பவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்களுடைய நினைவாற்றலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

வாப்பா கேட்டதையே மறுபடி கேட்டால், நன்னி அடுப்பை அணைக்க மறந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். மலாயில் 'ஞாஞுக்' என்று சொல்லிச் சிரித்தும்விடுகிறோம். ஆனால் நம் நாட்டில் 2018இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று சொல்கிறது. மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் அதை விளக்கினார். அதை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

இந்தத் தாமதத்திற்கு ஒரு காரணம், ஆய்வுக்கு ஏற்ற ஆட்கள் எளிதில் கிடைக்காதது. நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும் லெக்கானிமாப் மருந்தின் பெரிய ஆய்வில் 1,795 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்க, அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

இந்தத் தேடலைச் சுருக்கத்தான் இணையப் பதிவேடுகள் வந்தன. அமெரிக்காவில் 2012இலும் 2014இலும் இரண்டு தொடங்கின. பிரிட்டனில் 2015இல் 'ஜாயின் டிமென்ஷியா ரிசர்ச்' வந்தது. வயது, ஊர், உடல்நலம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தால், பொருத்தமான ஆய்வு வரும்போது தொடர்பு கொள்வார்கள். நோய் இல்லாதவர்களும் தேவை; அவர்களோடு ஒப்பிட்டால்தான் நோயின் தொடக்கம் தெரியும். பெயர் பதிந்ததாலேயே ஊசி போட மாட்டார்கள். சில ஆய்வுகளில் கேள்விகளுக்குப் பதில் சொன்னாலே போதும். வேண்டாம் என்றால் மறுக்கலாம், சேர்ந்த பிறகும் விலகலாம்.

ஆனால் இப்பதிவேடுகளில் பெரும்பாலோர் நன்கு படித்த வெள்ளையர்கள். நம்மைப் போன்றவர்கள் மிகக் குறைவு. அதனால் நமக்கு என்ன இழப்பு?

1998இல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக் குழு உருவானது. மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்பதே அப்பெயரின் பொருள். பள்ளிக்கூடம் போகாத முதியவரைப் படித்தவருக்கான கேள்விகளால் சோதித்தால், நோய் இல்லாதவரும் நோயாளியாகத் தெரிவார். ஆகவே அக்குழு, படிப்பு குறைந்தவர்களுக்கும் பொருந்தும் சோதனை முறையை வகுத்தது; சென்னையிலும் வேலூரிலும் வீடு வீடாகப் போய் ஆய்வு நடத்தியது. அங்கிருந்த முதியவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அதனால் தமிழ் முதியவர்கள் இந்த நோயின் கணக்கில் வந்தார்கள். எழுத்தே அறியாமல் கடைக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்த நம் நன்னிமாருக்கும் அப்படிப்பட்ட சோதனைதானே வேண்டும்?

நாம் செய்யக்கூடியவை உண்டு. லண்டனில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள பதிவேட்டில் சேரலாம்; பெற்றோர் அங்கே இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அவர்களையும் பதியலாம். இங்கே பினாங்கில், மருத்துவமனைக்குப் போகும்போது நினைவாற்றல் ஆய்வு ஏதும் நடக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய அல்சைமர் நோய் அறவாரியத்திடமும் விசாரிக்கலாம்.

மோசடிக்காரர்கள் மலிந்த காலம் இது. உண்மையான பதிவேடு பணம் கேட்காது, வங்கிக் கணக்கு எண்ணோ டிஏசி எண்ணோ கேட்காது. ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தமிழில் விளக்கிய பிறகே பெரியவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

இளைஞர்களே, கைப்பேசி உங்கள் கையில் இருக்கிறது. இந்த வாரம் ஒரு பெரியவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, அவர் விருப்பத்தைக் கேளுங்கள். நமக்கென்று ஒரு சங்கம் வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வரும் நோயை உலகம் புரிந்துகொள்ள நாம் உதவுவோம்.