மெய்ப்பாடும் மெய்யும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் பாடம் சொல்லப்படும் வகுப்பறைகளில், மெய்ப்பாட்டியலின் ஓரிடத்தில் மட்டும் குரல் தாழ்வதும் ஏடு விரைந்து புரள்வதும் வழக்கம். நகை முதல் உவகை ஈறான எட்டு மெய்ப்பாடுகள்வரை எவர்க்கும் தயக்கமில்லை. அதன்பின், காதலுற்ற பெண்ணின் உடலில் தோன்றும் குறிகளை ஆசிரியர் நந்நான்காகப் பகுத்து ஆறு படிகளாக நிறுத்தும் இடத்தில்தான் தயக்கம் நேர்கிறது. பெண்ணின் இன்பத்தைப் பற்றித் தமிழிலக்கணம் கூறியவற்றுள் மிக நுட்பமான பகுதி அதுவே.

உரைமரபு முதல் மூன்று படிகளைக் கூட்டத்திற்கு முற்பட்டனவாகக் கொள்ளும். நெற்றி வியர்க்கிறது, எழுந்த சிரிப்பு மறைக்கப்படுகிறது. பின்னர்க் கூந்தல் விரிகிறது. காதணி ஒன்று கழல்கிறது. அணிகளைக் கை தடவுகிறது. உடை நெகிழ்ந்து மீண்டும் உடுக்கப்படுகிறது. மூன்றாம் படியில் கை அல்குலைத் தைவருகிறது. இரு கைகளும் உயர்கின்றன. இவ்வாறு 12 குறிகள் நிகழ்ந்த பின்னரே புணர்ச்சி. (அல்குல் இடையா, பெண்குறியா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. தீராதிருப்பது சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது.) இங்கே கருதத்தக்கது குறிகளின் பட்டியலன்று, அவற்றுக்கிடையே விடப்பட்டிருக்கும் பொழுது. பெண்ணுடல் ஒரு கணத்தில் இசைவதில்லை, படியேறியே இசைகிறது என்பதை ஆசிரியர் கண்டிருக்கிறார்.

இற்றை உடலியல் இதனைத் தன் மொழியில் கூறும். அமெரிக்க ஆய்வாளர் மாஸ்டர்சும் ஜான்சனும் 1966இல் வெளியிட்ட நூல், வேட்கை எழும்போது யோனியில் ஊறும் ஈரம் அதன் சுவர்களிலிருந்தே வியர்வைத் துளிகள்போல் அரும்புகிறது என்று காட்டியது. குருதி பெருகிச் சுவர்கள் செறிய, அவ்வீரம் கசிகிறது. கிளர்ச்சியற்றபோது ஏறத்தாழ 7 அல்லது 8 சென்டிமீட்டர் ஆழமுள்ள புழை, கிளர்ச்சியில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது, உட்பகுதி அகல்கிறது, கருப்பை மேலெழுகிறது. இவையெல்லாம் நிகழப் பொழுது வேண்டும். அப்பொழுதைத் தராமல் உட்புகும்போது உராய்வும் எரிச்சலும் நோவுமே எஞ்சும். வியர்வை என்னும் சொல் இரண்டிடத்தும் வருவதைக்கொண்டு முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று கொண்டாடுவது ஆராய்ச்சியாகாது. தொல்காப்பியர் நெற்றியைச் சொன்னார், அவ்வளவே. ஈரம் ஒன்றே இசைவுக்குச் சான்றாகாது என்பதும் உடன் சொல்லப்படவேண்டும்; மனம் மறுக்கும்போதும் உடல் நனைதல் உண்டு, மனம் விழையும்போதும் வறண்டிருத்தல் உண்டு.

ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானல் 1998இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் இருளை நீக்கிற்று. கிளிட்டோரிஸ் எனும் இன்ப உறுப்பு வெளியே தெரியும் சிறு மொட்டு மட்டுமன்று. அதன் கிளைகள் உள்ளே இறங்கி யோனியின் இருமருங்கும் அணைந்து கிடக்கின்றன. உட்புகுதலால் மட்டும் உச்சம் எய்தாத பெண்கள் பலர் என்பதற்கும், அவர்களிடம் குறையேதும் இல்லை என்பதற்கும் காரணம் இவ்வமைப்பிலேயே இருக்கிறது. தைவரலுக்கு இலக்கணம் தந்த இடத்தின் அருமை இங்கே விளங்கும்.

நோவைப் பற்றியோ தமிழில் பேச்சே இல்லை. முதலிரவின் வலியும் குருதியும் கற்பின் அடையாளமாகவே கதைகளில் போற்றப்பட்டன. குருதி வாராமையும் இயல்பே. அச்சத்தால் யோனித் தசைகள் தாமே இறுகி, விரும்பும் பெண்ணுக்கும் கூட்டம் இயலாமற்போவது உண்டு; அது பிடிவாதமன்று, பயிற்சியாலும் மருத்துவத்தாலும் தீரக்கூடிய நிலை. பாலூட்டும் மாதங்களிலும் மாதவிலக்கு நின்ற பின்னரும் வறட்சி நேர்கிறது. அதற்கு எளிய பசைகள் மருந்துக்கடையிலேயே உள்ளன. ஆயினும் மருத்துவர்முன் அமரும் பெண் “கீழே எரியுது” என்பதற்குமேல் சொல்லற்று நிற்கிறாள். அவளுக்குக் கிடைத்துள்ள சொற்கள் இரண்டே வகை: வசையில் வழங்குபவை, மருத்துவ நூலில் வழங்குபவை. நடுவே ஒரு சொல்லும் இல்லை.

சொல்ல முற்பட்டவர்க்கு நேர்ந்தது யாவரும் அறிந்ததே. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனம்’, முதிர்ந்த பெண்ணாகிய இராதையின் வேட்கையையும் நிறைவையும் நடுவில் வைத்துப் பாடியது. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதனைச் செப்பமாகப் பதிப்பித்தார். மறு ஆண்டே ஆங்கில அரசு தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. ஆண்புலவர் பாடிய சிருங்காரம் எத்தனையோ அச்சேறி உலவியபோது இந்நூல் மட்டும் ஆபாசமாயிற்று. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வெளிவந்தபோது எழுந்த கூச்சலிலும் பழைய குரலே ஒலித்தது.

அதற்குப்பின் தமிழ்ப் பெண்கவிஞர் உடலை அஞ்சாது எழுதினர். எனினும் அவ்வெழுத்தில் சினமும் காயமும் பெற்ற இடத்தை இன்பம் பெறவில்லை. அதற்குக் காரணம் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஆண்கவிஞரோ முற்றுகை, வெற்றி, கொள்ளை என்று போர்க்களத்துச் சொற்களையே படுக்கைக்கும் கொண்டுவருகின்றனர். புறத்திணைச் சொல் அகத்திணையுள் புகுந்த இக்குழப்பத்தைத் திறனாய்வாளர் எவரும் வழுவென்று சுட்டியதாகத் தெரியவில்லை.

தைவரல் என்னும் சொல் பேச்சில் அற்றுவிட்டது, அகராதியில் உயிரோடிருக்கிறது. மெல்ல வருடுதல் என்பது அதன் பொருள். தென்றலுக்கும் யாழ் நரம்புக்கும்கூட அது வழங்கும்.