மூன்று தோல்விகள் தரும் பாடம்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

தேர்தல் முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் கிளைக் கூட்டங்களில் ஒரு கேள்வி எழுகிறது. போராட்டத்திற்கு ஆயிரக்கணக்கில் திரளும் மக்கள் வாக்குச்சாவடிக்குள் சென்றதும் ஏன் வேறு சின்னத்தைத் தேடுகிறார்கள்? கேட்பவரின் குரலில் சலிப்பு இருக்கும். மக்கள் மீது சிறு கோபமும் இருக்கும். இக்கேள்விக்கு விடை தேடுவோர் ராஜஸ்தானின் சிகார் மாவட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

தோழர் அம்ரா ராம் 1993, 1998, 2003 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தோத் சட்டமன்றத் தொகுதியில் வென்றவர். தொகுதி மறுவரையறையில் தோத் தனித்தொகுதி ஆனதால், 2008இல் தாந்தா ராம்கருக்கு மாறி அங்கும் வெற்றி பெற்றார். அதன் பிறகுதான் சோதனைக் காலம் தொடங்கியது. 2013, 2018, 2023 என அடுத்தடுத்து மூன்று முறை அதே தொகுதியில் தோற்றார்.

2013 ஜூலையில் கடலூரில் நடைபெற்ற அகில இந்திய விவசாயிகள் சங்க மாநாடு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சொந்த மாவட்டத்துத் தொகுதி அவரைக் கைவிட்டது. 200 தொகுதிகளில் 163ஐ பாஜக கைப்பற்றிய தேர்தல் அது. ஆகவே அந்தத் தோல்விக்கு மாநிலம் தழுவிய அலையைக் காரணம் காட்டிவிடலாம்.

ஆனால் 2018ஐ அவ்வாறு விளக்கிவிட முடியாது. 2017 செப்டம்பரில் சிகார் விவசாயிகள் 13 நாட்கள் போராடினார்கள். வேளாண் விளைபொருள் சந்தை வளாகத்தில் பெண்களும் முதியவர்களும் இரவு பகலாக அமர்ந்தனர். வணிகர்கள் கடைகளை அடைத்தனர். சாலைகள் முடங்கின. வசுந்தரா ராஜே அரசு இறங்கி வந்து, 50,000 ரூபாய் வரையிலான கடனைத் தள்ளுபடி செய்ய இசைந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இடதுசாரி, ஜனநாயகக் கட்சிகளின் அணி தோழர் அம்ரா ராமை முதலமைச்சர் வேட்பாளராகவே அறிவித்தது. எனினும் தாந்தா ராம்கரில் காங்கிரஸ் வேட்பாளர் பாஜகவை வெறும் 920 வாக்குகளில் முந்தினார். சுமார் 45 ஆயிரம் வாக்குகள் பெற்ற அம்ரா ராம் மூன்றாமிடத்தில் நின்றார்.

சந்தை வளாகத்தில் செங்கொடி ஏந்திய விவசாயிகள் தேர்தலில் துரோகம் செய்துவிட்டார்களா? அப்படி முடிவு கட்டுவது எளிது, ஆனால் தவறு. ராஜஸ்தானில் 1993 முதல் காங்கிரசும் பாஜகவும் மாறி மாறி ஆட்சிக்கு வருகின்றன. ஆளும் கட்சி மீது கோபம் கொண்ட விவசாயி, அதை இறக்கக்கூடிய கை எது என்றே பார்க்கிறார். கடன் தள்ளுபடிக்குச் செங்கொடி, ஆட்சி மாற்றத்திற்கு வேறொரு கொடி என்று அவர் கணக்கைப் பிரித்துக்கொள்கிறார். சாதியும் பணமும் அந்தக் கணக்கை மேலும் இறுக்குகின்றன. கோரிக்கைக்கான ஒற்றுமை தானாகவே அரசியல் ஒற்றுமையாக மாறிவிடுவதில்லை. அதே தேர்தலில் பாத்ரா, துங்கர்கர் ஆகிய இரு தொகுதிகளிலும் கட்சி வென்றது என்பதையும் மறக்கலாகாது. மக்கள் செங்கொடிக்கு வாக்களிக்கவே மாட்டார்கள் என்ற வாதத்திற்கு அங்கேயே பதில் இருக்கிறது.

மூன்றாவது தோல்வி மேலும் கசப்பானது. வேளாண் சட்டங்களுக்கு எதிரான 2020-21 போராட்டத்தில், ராஜஸ்தான் - ஹரியானா எல்லையான ஷாஜகான்பூரில் அவர் முன்னணியில் நின்றார். ஒன்றிய அரசு அச்சட்டங்களைத் திரும்பப் பெற்றது. இத்தகைய வரலாற்று வெற்றிக்குப் பின் நடந்த 2023 தேர்தலில் அவருடைய வாக்குகள் முந்தைய எண்ணிக்கையில் பாதிக்கும் கீழே சரிந்தன. பாத்ராவும் துங்கர்கரும் கைநழுவின.

டிசம்பர் 3 அன்று அந்த முடிவு வந்தது. ஆறு மாதங்கள் கழித்து, 2024 ஜூன் 4 அன்று, அதே அம்ரா ராம் சிகார் மக்களவைத் தொகுதியில் 72,896 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2014, 2019 மக்களவைத் தேர்தல்களில் வைப்புத்தொகையை, அதாவது செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைக் கூட எட்டாதவர் அவர். 1989இல் பிகானேரில் வென்ற பிறகு ராஜஸ்தானில் கட்சிக்குக் கிடைத்த முதல் மக்களவை இடம் இதுவே.

இவ்வெற்றியைப் பற்றி இரண்டு அரை உண்மைகள் பேசப்படுகின்றன. காங்கிரஸ் கூட்டணியே காரணம் என்பது ஒன்று. போராட்டங்களே காரணம் என்பது மற்றொன்று. 'இந்தியா' அணியின் வாக்குகள் இன்றி இவ்வெற்றி இல்லை; அதை மறைப்பது தற்பெருமை. ஆனால் அந்த அணி சிகாரைக் கட்சிக்கு ஒதுக்கியதற்கும், அக்னிபாத் திட்டத்தால் கொதித்த இளைஞர்களும் விவசாயிகளும் தயக்கமின்றி அவரைத் தம் வேட்பாளராக ஏற்றதற்கும் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. ஆட்சியை எதிர்க்கும் வாக்கு எது, போராட்டத்தின் வாக்கு எது என்று பிரித்துப் பார்க்கும் நெருக்கடி இம்முறை வாக்காளருக்கு ஏற்படவில்லை.

தோழர்களே! தோல்வியைத் தியாகம் என்று போற்றித் திருப்தியடைவது கட்சிக்கு உதவாது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் போராட்டத்திற்கு வந்தவர் எத்தனை பேர், அவர்களில் வாக்களித்தோர் எத்தனை பேர் என்று கிளை கணக்கெடுக்க வேண்டும். வராத வாக்கின் காரணத்தை அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே கேட்டறிய வேண்டும். கோரிக்கை வென்ற மறுநாளே அரசியல் உரையாடலைத் தொடங்க வேண்டும்.

2013க்கும் 2024க்கும் இடையில் தாந்தா ராம்கர் மூன்று முறை கதவை அடைத்தது. வேட்பாளரோ அடுத்த போராட்டத்தில் அதே மக்களோடுதான் மீண்டும் அமர்ந்தார். தோற்ற தொகுதியை விட்டு விலகாத கட்சிக்கே மக்களிடம் மறுபடியும் வாக்குக் கேட்கும் உரிமை உண்டு.