கோட்டுப் பையில் இருந்த தீர்மானம்



பட்டமளிப்பு மேடையில் ஏறினால் கனவு காணுங்கள், சிகரம் தொடுங்கள் என்று சொல்வது வழக்கம். அதெல்லாம் தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு உங்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. நான் ஓர் ஆளைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். உங்களைப் போலவே சட்டம் படித்தவர். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 40 வருடம் உட்கார்ந்திருந்தவர். பெயர் ஜார்ஜ் நோரிஸ். இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவருடைய நாட்டிலேயே இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

1861-ல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் தந்தை போய்விட்டார். அதே 1864-ல் அண்ணனும் உள்நாட்டுப் போரில் உயிர் விட்டார். தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். நோரிஸ் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தபடியே படித்து, 1883-ல் சட்டப் பட்டம் வாங்கினார். பிறகு மேற்கே, நெப்ராஸ்காவின் புல்வெளிக்குப் போய் வழக்கறிஞர், அரசு வழக்கறிஞர், மாவட்ட நீதிபதி என்று உயர்ந்து, குடியரசுக் கட்சிக்காரராக 1903-ல் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். இதுவரை சாதாரணக் கதை. நான் சொல்ல வந்தது 1910 மார்ச் 17-ல் ஆரம்பிக்கிறது.

அப்போது பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜோசப் கேனன். எந்தக் குழுவில் யார் இருப்பது என்று தீர்மானிப்பவர் அவர். எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்று முடிவு செய்யும் விதிகள் குழுவுக்கும் அவரே தலைவர். அவருக்குப் பிடிக்காத மசோதா அவை வெளிச்சத்தையே பார்க்காது. சொந்தக் கட்சியிலேயே பலருக்குப் பொருமல். ஆனால் விதியைத் திருத்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்தால் அது விதிகள் குழுவுக்குப் போகும். அதற்குத் தலைவர் யார்? கேனன். பூட்டும் அவரிடம், சாவியும் அவரிடம்.

நோரிஸ் ஒரு தீர்மானத்தை எழுதி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். விதிகள் குழுவைப் பெரிதாக்க வேண்டும், அதன் உறுப்பினர்களை அவையே தேர்ந்தெடுக்க வேண்டும், சபாநாயகர் அதில் இருக்கக் கூடாது. இவ்வளவுதான். நீண்ட காலம் சுமந்து சுமந்து அந்தக் காகிதமே நைந்து போயிருந்தது. கொண்டுவர வழி கிடைக்கவில்லை.

வழியைத் திறந்துவிட்டது கேனனின் தரப்புதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடர்பான ஒரு மசோதாவை அவசரமாக எடுக்க வேண்டியிருந்தது. கணக்கெடுப்பை அரசியலமைப்பே கட்டளையிடுகிறது, ஆகவே அதற்கு மற்ற எல்லாவற்றையும் விட முன்னுரிமை உண்டு என்று வாதிட்டார்கள். அவையும் 17-ஆம் தேதி அதை ஏற்றுக்கொண்டது. உடனே நோரிஸ் எழுந்தார். அரசியலமைப்பு முன்னுரிமை தரும் தீர்மானம் ஒன்று என்னிடமும் இருக்கிறது என்றார். முதல் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, ஒவ்வோர் அவையும் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. அரசியலமைப்பில் இருப்பதால் கணக்கெடுப்புக்கு முன்னுரிமை என்றால், அதே அரசியலமைப்பில் இருக்கும் விதிகளுக்கு ஏன் இல்லை? எதிராளியின் வாதத்தை எடுத்து எதிராளி மீதே திருப்பினார். இதைவிட நல்ல குறுக்கு விசாரணையை நான் எந்த நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை.

கேனன் உடனே தீர்ப்புச் சொல்லாமல் இழுத்தடித்தார். விவாதம் விடிய விடிய நடந்தது. மார்ச் 19-ல் தீர்மானம் செல்லாது என்று அறிவித்தார். அவை அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. பிறகு 191-க்கு 156 என்று தீர்மானம் நிறைவேறியது. 42 குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் தலைவரை எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். நோரிஸ் முதலில் எழுதியபடி அது நிறைவேறவில்லை என்பதையும் கவனியுங்கள். 15 பேர் குழு கேட்டார், 10 பேர் குழு கிடைத்தது. வாங்கிக்கொண்டார்.

அன்றே சபாநாயகர் பதவியையும் பறிக்கத் தீர்மானம் வந்தது. அதற்கு நோரிஸ் எதிராக வாக்களித்தார். அவருக்கு வேண்டியிருந்தது கேனனின் அதிகாரம் குறைவது; கேனனின் தலை உருள்வது அல்ல. வழக்கு வேறு, வன்மம் வேறு என்று சீனியர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எல்லா சீனியர்களும் இல்லை.

1913-ல் செனட் சபைக்குப் போனார். 1917-ல் ஐரோப்பியப் போருக்குள் அமெரிக்காவை இழுக்கும் என்று பயந்து, வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் பூட்டும் மசோதாவைச் சிலரோடு சேர்ந்து பேசிப் பேசியே முடக்கினார். அதிபர் வில்சன் அவர்களைப் பகிரங்கமாகத் திட்டினார். பத்திரிகைகள் துரோகிகள் என்றன. நோரிஸ் என்ன செய்தார்? நான் செய்தது தப்பென்றால் சிறப்புத் தேர்தல் வைத்து என்னை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று தன் மாநில ஆளுநருக்குச் சொன்னார். வர வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தும் நெப்ராஸ்காவின் லிங்கன் நகருக்குப் போய், நிறைந்த அரங்கில் தனி ஆளாக நின்று தன் பக்கத்தைச் சொன்னார். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. ஏப்ரல் 4-ல் போர்ப் பிரகடனத்தின் மீது செனட்டில் வாக்கெடுப்பு: ஆதரவு 82, எதிர்ப்பு 6. ஆறில் ஒன்று நோரிஸ். அந்த வாக்கு சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடலாம். அடுத்த வருடமே தேர்தல் வைத்துக்கொண்டு அப்படி வாக்களித்ததுதான் எனக்கு முக்கியம். அந்தத் தேர்தலிலும் ஜெயித்தார்.

1930-ல் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு நம் ஊர்த் தேர்தல் நினைவு வரும். கட்சியின் வேட்பாளர் தேர்வில் அவரைக் கவிழ்க்க நினைத்தவர்கள், அதே மாநிலத்தில் அதே ஜார்ஜ் நோரிஸ் என்ற பெயரில் ஒரு மளிகைக் கடைக்காரரைத் தேடிப் பிடித்து மனு போட வைத்தார்கள். வாக்குச் சீட்டில் இரண்டு பேரையும் பிரித்துக் காட்ட வழி இருந்திருக்காது. ஆனால் தபாலில் போட்ட மனு கெடு முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குக் கெடு தாண்டிவிட்டது என்று உங்கள் கட்சிக்காரர் அழும்போது இந்த மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோரிஸின் பெரிய சண்டை மசல் ஷோல்ஸ். அலபாமாவில், டென்னசி ஆற்றின் மேல் இருக்கும் இடம். முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு நைட்ரேட் தயாரிக்க அரசு அங்கே ஆலைகளும் ஓர் அணையும் கட்டத் தொடங்கியது. போர் முடிந்ததும் அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி. கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு வந்தார். ஆலைகளுக்கு 50 லட்சம் டாலர், அணையின் மின்சாரம் 100 வருடக் குத்தகை. பிரதிநிதிகள் சபை சரி என்றது. செனட்டின் விவசாயக் குழுவுக்குத் தலைவராக இருந்த நோரிஸ் மறித்தார். பொது ஆறு, பொதுப் பணத்தில் கட்டிய அணை, மின்சாரமும் பொதுவுக்கே என்பது அவர் வாதம். 1924-ல் ஃபோர்டு விலகிக்கொண்டார். 1928-ல் நோரிஸின் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. அதிபர் கூலிட்ஜ் கையெழுத்துப் போடாமலே வைத்திருந்து அதைச் சாகவிட்டார். 1931-ல் மறுபடி நிறைவேறியது. அதிபர் ஹூவர் நிராகரித்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு பேரும் நோரிஸின் கட்சிக்காரர்கள். கடைசியில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அதிபர் ரூஸ்வெல்ட் 1933 மே 18-ல் கையெழுத்திட, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் பிறந்தது. நெப்ராஸ்காவுக்கு இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஒரு யூனிட் மின்சாரம் கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் அடுத்தவர் ஊர் ஆற்றுக்காக மல்லுக்கட்டினார். 1936-ல் கிராம மின்மயச் சட்டத்தையும் கொண்டுவந்தார். அன்றைக்கு அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. இருபது வருடத்துக்குள் அநேகமாக எல்லா வீட்டிலும் எரிந்தது.

இதை இங்கேயே நிறுத்திக் கைதட்டு வாங்கலாம். ஆனால் நீங்கள் சட்டம் படித்தவர்கள், மறுதரப்பையும் கேட்க வேண்டும். ஆணையம் கட்டிய முதல் அணைக்கு நோரிஸின் பெயரையே வைத்தார்கள். அந்த நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 3,000 குடும்பங்கள் வீட்டை விட்டுப் போயின. 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறு இடத்தில் புதைத்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு விலை கிடைத்தது. அதே நிலத்தில் குத்தகைக்கு உழுதவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அணைக்குப் பக்கத்தில் கட்டிய மாதிரி நகருக்கும் அவர் பெயர்தான். அந்த நகரில் கறுப்பினத்தவர் குடியிருக்க அனுமதி இல்லை. இந்த ஆணையத்தைப் பார்த்துத்தான் 1948-ல் நம் நாட்டில் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. அங்கும் அணைக்காக வீடிழந்தவர்கள் உண்டு. ஒரு சட்டத்தைப் படிக்கும்போது அதன் முகப்புரையோடு நிறுத்திவிடாதீர்கள். இழப்பீடு யாருக்கு என்ற பிரிவையும், அதில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். சங்கத்தில் சேர மாட்டேன் என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தங்களை 1932-ல் அவரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் லா கார்டியாவும் கொண்டுவந்த சட்டம் செல்லாதாக்கியது. வேலைநிறுத்தத்துக்கு எதிராக நீதிமன்றங்கள் தடையுத்தரவு போடுவதையும் கட்டுப்படுத்தியது. அந்த நாட்களில் நவம்பர்த் தேர்தலில் தோற்றவர்கள் மார்ச் வரை சட்டம் இயற்றிக்கொண்டிருப்பார்கள், ஜெயித்தவர்கள் 13 மாதம் கழித்துத்தான் முதல் கூட்டத்துக்கு வருவார்கள். அந்த விசித்திரத்தை ஒழித்த இருபதாவது அரசியலமைப்புத் திருத்தமும் அவருடையதுதான். 1923-லிருந்து செனட் அதைத் திரும்பத் திரும்ப நிறைவேற்ற, பிரதிநிதிகள் சபை திரும்பத் திரும்பக் கொன்றது. 1933-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு அடுத்த வருடம், எழுபது வயது தாண்டிய பிறகு, நெப்ராஸ்கா முழுக்கக் காரில் சுற்றி, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஓர் அவை போதும் என்று பிரச்சாரம் செய்து ஜெயித்தார். இரண்டு அவைகளின் மசோதாக்களும் முரண்பட்டால் சிலர் மட்டும் கூடி மூடிய அறைக்குள் இறுதி வடிவத்தை முடிவு செய்கிறார்கள், யார் எதை வெட்டினார் என்று மக்களுக்குத் தெரிவதில்லை என்பது அவர் வாதம். அன்றைய வாக்குச் சீட்டில் மதுவிலக்கை நீக்குவதும் குதிரைப் பந்தயமும் இருந்தன. அந்தக் கூட்டமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம்! இன்றும் ஐம்பது மாநிலங்களில் ஓரவைச் சட்டமன்றம் அங்கே மட்டும்தான்.

1936-ல் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர், 1942-ல் அதே நெப்ராஸ்காவில் தோற்றார். அது அவரை உலுக்கிவிட்டது. மெக்குக் என்ற தன் சிற்றூருக்குத் திரும்பி, சுயசரிதையை முடித்த சில வாரங்களில், 1944 செப்டம்பர் 2-ல் காலமானார்.

1955-ல் செனட் சபை, தன் வரலாற்றின் தலைசிறந்த ஐந்து உறுப்பினர்களின் படங்களை வரவேற்பறையில் வைக்க முடிவு செய்தது. தேர்வுக் குழுவுக்கு ஜான் கென்னடி தலைவர். கருத்துக் கேட்கப்பட்ட அறிஞர்கள் நோரிஸை முன்வரிசையில் வைத்தார்கள். அப்போது பதவியிலிருந்த நெப்ராஸ்கா செனட்டர்கள் கூடாது என்றார்கள். படம் ஏறவில்லை. தன்னைக் கைவிட்டவரை அவருடைய கட்சி அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. அவர் கொண்டுவந்த இருபதாவது திருத்தம் இன்னும் அமலில் இருக்கிறது. நாளை யாராவது படத்தை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் ஜனவரி 20 நண்பகலில்தான் அமெரிக்க அதிபர் பதவியேற்பார்.